போடிலின் நற்சான்றில் ஒரு சொல்

உலக நாகரிகத்துக்கு நார்வே அளித்த கொடைகளில் உச்சமானது எங்கள் ‘அண்டை நாட்டு மொழிப் புரிந்துணர்வு ஆணையம்’ என்பதை, அதன் கூட்டக் குறிப்பெழுத்தர் என்ற முறையில் அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். நார்வேக்காரரும் டென்மார்க்காரரும் ஸ்வீடன்காரரும் ஒருவர் பேச்சை ஒருவர் தாமாகவே புரிந்துகொண்டு கெட்டுப்போய்விடக் கூடாது என்பதற்காகவே இது நிறுவப்பட்டது.

எங்கள் வரலாற்றின் பொன்னேடு போடில் விவகாரம். போடில், டென்மார்க்கில் பன்னிரண்டு ஆண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். எங்கள் நாட்டில் டிராமென் நகருக்கு அருகே ஒரு சிறு மழலையர் காப்பகத்தில் வேலைக்கு விண்ணப்பித்தார். பழைய மேலாளர் தந்த நற்சான்று ஒரே வரி: ‘போடில் மிகவும் ரார்.’

டேனிஷ் மொழியில் ‘ரார்’ என்றால் அன்பானவர். எங்கள் மொழியில் ‘ஒரு மாதிரியானவர்’. காப்பகத் தலைவர் ஹல்கெய்ர் பதறிப்போனார். தொலைபேசியை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒழுங்கானவர் என்பதால் எங்களுக்கு மனு அனுப்பினார்.

முதல் கூட்டம் ‘ஃப்ரோகோஸ்ட்’ வேளையில் என்று அறிவித்தோம். எங்களுக்கு அது காலை உணவு, டேனியருக்கு மதிய உணவு. தலைவி டோர்குன் காலை எட்டுக்கு வந்து போனார். டேனிஷ் உறுப்பினர் ப்ரெபென் பன்னிரண்டுக்கு வந்து போனார். கருத்து வேறுபாடு ஏதும் எழவில்லை எனக் குறிப்பில் பதிவு செய்தேன்.

இரண்டாம் கூட்டத்தில்தான் ஆராய்ச்சி சூடுபிடித்தது.

“அது பாராட்டு, டோர்குன். எங்க அம்மாவையே நான் ரார்னுதான் சொல்வேன்” என்றார் ப்ரெபென்.

“நாங்க எங்க சித்தப்பாவைச் சொல்வோம். அவர் தபால் பெட்டிகிட்ட வானிலை விசாரிப்பார்.”

ஸ்வீடன் உறுப்பினர் மார்கரேட்டா செருமினார். “எங்க ஊர்ல அது செல்லமான வார்த்தை. பூனைக்குட்டியைப் பார்த்தாக்கூடச் சொல்வோம்.”

“விண்ணப்பதாரர் பூனைக்குட்டின்னு எழுதவா?” என்று கேட்டேன்.

“‘பரிசீலனையில்’னு எழுதுங்க” என்றார் டோர்குன்.

ப்ரெபென் அகராதியைப் புரட்டினார். “ஜெர்மன்ல, கிடைக்கிறதே அபூர்வம்னு அர்த்தம்.”

“விண்ணப்பிச்ச போடிலே வெளியிலதான் உக்காந்திருக்காங்க” என்றேன். யாரும் பொருட்படுத்தவில்லை. எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீன், பொருள் ‘அடர்த்தியற்றது’ என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். அடர்த்தியற்றது அரிதாயிற்று; அரிதானது சிலர் வாயில் அருமையாயிற்று, எங்கள் வாயில் கோணலாயிற்று. அறையில் பரவசம் நிலவியது.

“அவங்களையே உள்ள கூப்பிட்டுப் பேசிப் பாக்கலாமே?” என்றேன்.

டோர்குன் கண்ணாடியைக் கழற்றினார். “நாம ஆராயறது வார்த்தையை. ஆளைப் பாத்துட்டா வார்த்தை மேல பாரபட்சம் வந்துடும்.”

இடைவேளையில் தாழ்வாரத்துக்குப் போனேன். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த போடில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்க கோட்டுல பட்டன் தொங்குது. கழட்டிக் குடுங்க.” பையிலிருந்து ஊசிநூல் எடுத்துத் தைத்தபடியே கேட்டார், “இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?”

“ஜெர்மன் வரைக்கும் வந்துட்டோம்.”

“நான் ஜெர்மன்காரி இல்லையே.”

நூலைப் பல்லால் கடித்துக் கோட்டைத் திருப்பித் தந்தார். அது நிகழ்ச்சிநிரலில் இல்லாததால் குறிப்பில் சேர்க்கவில்லை.

ஏழு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை தயாரானது. முடிவு: ‘எல்லாப் பொருளும் அதனதன் இடத்தில் சரியே.’ கைதட்டிக் கொண்டோம். போடில் ஐந்தாம் மாதமே லார்விக் துறைமுகத்தில் கப்பலேறி ஊர் திரும்பிவிட்டதாக எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. தலைப்பு அதற்கு இடம் தராததால் அறிக்கையில் அது இல்லை.

அறிக்கையை நேரில் ஒப்படைக்க நானே பேருந்தில் போனேன். காப்பகத்தில் குழந்தைகளின் சத்தமே இல்லை. வேறு ஆள் இல்லாமல் ஹல்கெய்ரும் இன்னொரு பணிப்பெண்ணுமாக முப்பது குழந்தைகளைத் தூக்கி இறக்கி, இருவருக்கும் முதுகு போயிருந்ததாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். கதவில் ஒரே சொல் எழுதிய அட்டை தொங்கியது. அறிக்கை அஞ்சல் துளைக்குள் நுழையவில்லை. திரும்பக் கொண்டுவந்தேன்.

“என்ன எழுதியிருந்தது?” என்று டோர்குன் கவலையோடு கேட்டார்.

“‘லுக்கெட்’. மூடியாச்சுன்னு.”

அவர் முகம் தெளிந்தது. “நல்லவேளை. டேனிஷ்லயும் நம்ம மொழியிலயும் அதுக்கு ஒரே அர்த்தம்தான். நமக்கு அங்க வேலையே இல்லை.”