முகம் பொருந்தவில்லை

மனித குலம் இதுவரை கண்ட கண்டுபிடிப்புகளில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம், கேளம்பாக்கம் சுப்புராமன் ஸ்டுடியோவின் இலவச 'டச்-அப்'புக்கே உரியது. கறுப்பாக வந்தவரைக் கறுப்பாகவே திருப்பி அனுப்புவது சுப்புராமனின் தொழில் தர்மத்துக்கு விரோதம். பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி வாங்கினால் வெளுப்பு இனாம்.

அந்த மகானிடம்தான் ரஞ்சிதா படம் எடுத்துக்கொண்டாள். கடலோரக் குப்பத்திலிருந்து நாவலூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் முதல் பெண். படத்தைப் பார்த்து அவள் அம்மா ஆதியம்மாள் பூரித்துப்போனாள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் கூடையில் போடாத பொம்பளை, படத்தை மட்டும் அப்படியே நம்பினாள்.

"இப்பதான்டி எம் பொண்ணு மாதிரி கீற!" என்று ஒரு காப்பியைக் கல்யாணத் தரகரிடமும் கொடுத்துவிட்டாள்.

கம்பெனி வாசலில், முகம் பார்த்துத் திறக்கும் கதவு. அதற்குள் ஏற்றியிருந்ததும் இதே படம்தான். முதல் நாள் ரஞ்சிதா முகத்தைக் காட்டினாள். 'நபர் பொருந்தவில்லை' என்றது இயந்திரம். மூன்று நாள் உள்ளே போகாவிட்டால் வேலை ரத்து என்பது விதி.

செக்யூரிட்டி கருப்பன் திரையை எட்டிப் பார்த்தான். "படத்துல சோக்கா கீறியே தங்கச்சி! இன்னிக்கி இன்னா, மூஞ்சி கழுவலியா?"

மனிதவள அதிகாரி சுதாகர் தலைமையில் உயர்மட்டக் கூட்டம் கூடி, சமோசா தீரும்வரை ஆராய்ந்தது. இயந்திரம் விலை உயர்ந்தது, ஆகவே தப்பு செய்யாது. படம் பிரமாதமாக இருக்கிறது, ஆகவே மாற்றத் தேவையில்லை. மிச்சம் இருப்பது முகம்தான். 'பணியாளர் தம் முகத்தைப் படத்துக்கு இணங்க அமைத்துக்கொள்ள வேண்டும்' என்று தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் ரஞ்சிதா அரை டப்பா பவுடரை அப்பிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள். சித்திரை வெயில். படூர் தாண்டுவதற்குள் எல்லாம் கழுத்தில் வழிந்துவிட்டது. 'நபர் பொருந்தவில்லை.'

நேரே ஸ்டுடியோவுக்கு ஓடினாள். "நான் எப்டி கீறனோ அப்டியே எடுங்கண்ணா."

சுப்புராமன் பதறினார். "வூட்ல எதுனா சண்டையாம்மா?"

எடுத்தார். படம் முன்னைவிட வெளுப்பாக வந்தது. "கைப்பழக்கம்மா, தானா போவுது," என்றார் அடக்கத்துடன்.

மூன்றாம் நாள். பெற்றவள் வந்து சாட்சி சொன்னால் படத்தை மாற்றலாம் என்று சுதாகர் பெருந்தன்மையோடு இறங்கி வந்தார். 'ஸ்டுடியோக்காரன் வெளுத்துட்டான் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழியெல்லாம் ரஞ்சிதா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே வந்தாள்.

சுதாகர் படத்தைக் காட்டினார். "இது உங்க பொண்ணாம்மா?"

"எம் பொண்ணேதான் சார்."

"அப்ப பக்கத்துல நிக்கறது?"

ஆதியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். அத்தனையும் படித்த ஜனம். மானம் பெரிதல்லவா?

"அதுவும் அவதான் சார். வெயில்ல அலைஞ்சி கறுத்துட்டா. பத்து நாளு வூட்லயே வெச்சிகினா தெளிஞ்சிடுவா."

சுதாகர் மனம் இளகி, 'நிறம் திரும்பும்வரை' சம்பளமில்லாத விடுப்பு எழுதி நீட்டினார். எந்தக் கம்பெனியில் கிடைக்கும் இந்தச் சலுகை!

ரஞ்சிதா அந்தக் காகிதத்தைக் கையால் தொடவில்லை.

"லீவு வேணாம் சார். அந்த மெஷினுக்கு மட்டும் நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லிடுங்க. இந்தப் படத்தப் பாத்து, 'இது இவ இல்ல'ன்னு சொன்னது அது ஒன்னுதான்."