ஈரத்துக்குக் கழித்த எடை

கூச்சக்காரனுக்குப் பிள்ளை பிறந்தால் பெரிய தொல்லை. யாரிடமாவது எதையாவது கேட்டே ஆகவேண்டும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்; எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் வேலை. தராசோடு நன்றாகப் பழகுவேன். மனிதர்களோடுதான் சிரமம்.

மகள் பிறந்து, மலைக்குளிர் ஊரான ரிங்லெட்டில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தபோது உதவிக்கு ஒரு சொந்தமும் இல்லை. மனைவி சரசுவுக்கு இன்னும் பால் நிறையச் சுரக்கவில்லை. பிள்ளை மெலிந்த மாதிரி தெரிந்தது. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். (கேட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும்.) நான் பிள்ளையைத் துணியில் சுற்றி, தூறலில் கொழுந்துத் தராசுக்குத் தூக்கிப்போனேன்.

ஆஸ்பத்திரியில் சொன்னதைவிட ஏகத்துக்குக் குறைவு! பதறிப்போய்க் கடைக்கு ஓடிப் பால்மாவு டின் வாங்கிவந்தேன்.

"என் பால் பத்தலன்றீங்களா?" என்று சரசு அழுதாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பின்னாலேயே, வீடுவீடாக வந்து பிள்ளைகளைப் பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸியும் வந்தார். தம் தராசில் நிறுத்துப் பார்த்தார்.

"கொஞ்சந்தான் கொறைஞ்சிருக்கு. தாய்ப்பால் பிள்ளைங்க மொதல்ல எறங்கித்தான் ஏறும்லா. நீ எப்படி நிறுத்தே?"

"சாக்குக்கும் ஈரத்துக்கும் வழக்கமா கழிக்கிறதக் கழிச்சேன், மிஸ்ஸி."

"பிள்ளைக்குமா?"

"மழை பேஞ்சுச்சே..."

வாசலே சிரித்தது. மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்திருந்தார்.

"எடை பரவால்ல. உடம்புதான் ஜில்லுன்னு ஆயிருச்சு. சரசு, மேலோட மேல் ஒட்ட வச்சுப் பால் குடு. பிள்ளைக்குப் பாலும் போவும், சூடும் போவும். டின்னுல சூடு வராது."

பிள்ளை குடித்து முடித்ததும் சரசு சாப்பிட எழுந்தாள். மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, சட்டையக் கழட்டு."

"மிஸ்ஸி?"

"பிள்ளைய வெறும் நெஞ்சுல போட்டுக்க. சீக்கிரம்லா!"

கழற்றினேன். என் கல்யாணத்தில்கூட இத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை.

"அப்பன் நடுங்குறான், பிள்ளை தூங்குது பாரு!" என்றார் ஓர் அக்கா.

நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மெல்ல மெல்ல அந்தச் சின்னப் பாதங்கள் என் வயிற்றில் சூடேறின. மிஸ்ஸி மறுபடி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த தடவை வந்தபோது எடையும் ஏறியிருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் ஹீட்டர்.

இப்போது அந்த மகளுக்கே பிரசவம். சரசு துணைக்கு ஜொகூர் போயிருக்கிறாள். நேற்று மகள் போன் செய்தாள்.

"அப்பா, ஹீட்டர் வேலை செய்யுதா?"

"செய்யுதும்மா. குளிர் காயறதுக்குத்தான் ஆளில்ல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். போனை வைத்துவிட்டு, சுவெட்டருக்கு மேல் இன்னொரு சுவெட்டர் போட்டுக்கொண்டேன்.