இனிஷியலில் போன உயிர்

நான் ஓர் ஆளைக் கொன்றிருக்கிறேன். (கேஸ் ஒன்றும் ஆகவில்லை.) கல்லூரியில் இரண்டு செமஸ்டர் புரோகிராம் எழுதப் படித்த திமிர்தான் காரணம்.

அப்பா தென்காசியில் ஓய்வூதியர் சங்கச் செயலாளர். உறுப்பினர் யாராவது இறந்தால் எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்புவது அவர் பொறுப்பு. கையால் தட்டினால் இரண்டு நிமிடம். நான் இரண்டு நாள் உட்கார்ந்து அதற்கொரு புரோகிராம் எழுதினேன்.

முதல் சாவு, குத்துக்கல்வலசை மு. சங்கரன். இனிஷியல் ஒரே எழுத்துதானே என்று ஒற்றை மேற்கோளுக்குள் 'மு' என்று போட்டேன். ஒற்றை மேற்கோளுக்குள் ஓர் எழுத்துதான் வரலாம், நீ இரண்டு வைத்திருக்கிறாய் என்றது கம்ப்யூட்டர். மு இரண்டெழுத்தாம்! (ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும்.) அதன் கணக்கில் ம தனி, உகரக்குறி தனி. "மு" என்று இரட்டை மேற்கோள் போட்டிருந்தால், எத்தனை எழுத்தானாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கும். அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்போம், அப்புறம் சரிசெய்யலாம் என்று உகரக்குறியை அழித்தேன். ஓடியது.

"ஏட்டி, நாலு மணிக்கு எடுக்காவ, சீக்கிரம் அனுப்பு" என்றார் அப்பா. சந்தோஷத்தில் அப்படியே அனுப்பிவிட்டேன்.

ம. சங்கரன் காலமானார் என்று போனது செய்தி. அந்தப் பெயரிலும் சங்கத்தில் ஓர் உறுப்பினர் இருந்தார், உயிரோடு. போனை வீட்டில் வைத்துவிட்டுக் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தார். அருவியில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவர் மனைவி வாசலில் விழுந்து அழுதார். சங்கமே மாலையோடு அங்கே கூடியது. மூன்றரை மணிக்கு ஈரத் துண்டோடு ஆட்டோவில் வந்து இறங்கிய மனிதர், கூட்டத்தைப் பார்த்துப் பதறி, "யாரு போயிட்டாவ?" என்று கேட்டார்.

குத்துக்கல்வலசைச் சாவு வீட்டில் ஒருவரும் இல்லை. அப்பாவும் நானும் ஓடிப்போய் நின்றபோது மு. சங்கரனின் மனைவி கேட்டார்: "ஊருல எல்லார் சாவுக்கும் ஓடுன மனுசன், அண்ணாச்சி. அவருக்கு ஒருத்தரும் வரலயே?"

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அப்போது விஷயம் தெரிந்துகொண்ட ம. சங்கரன் தனக்கு வந்த மாலைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு, கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். "இது பூராவும் இவருக்கு வந்ததுதாம்மா" என்று இறந்தவர் மேல் ஒவ்வொன்றாகப் போட்டார்.

அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "ஏட்டி, நான் நெசமாப் போனா ஒரு பய நம்பமாட்டான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

போன மழைக்காலத்தில் நிஜமாகவே போனார். அப்பாவே கையால் தட்டிச் செய்தி அனுப்பினார். ஒரு மணி நேரம் போன் ஓயவில்லை. எப்போது எடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்:

"அண்ணாச்சி, இத அனுப்புனது நீங்களா, உங்க மவளா?"