பத்தொன்பது மணி நேர விமானம்

பூட்டுக்காரருக்கு விமானம் என்றால் பயம். ஊரில் எத்தனையோ கதவுகளைத் திறந்துவிட்ட மனிதர். திறக்கவே கூடாத கதவுக்குள் அடைபட்டு, கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டு போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆனால் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பெண் பார்க்க வந்தபோது "கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்துடுவோம் மாமா" என்று குழைந்த மருமகன், ஆறே மாதத்தில் உலகத்தின் அந்தக் கோடியில் வேலை தேடிக்கொண்டு போனான். அதை இவர் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

"நான் வரல" என்று மனைவியிடம் நேரே சொல்ல, விமானத்தைவிடப் பயம். ஆகவே அவளைப் பயமுறுத்தி, பயணமே வேண்டாம் என்று அவள் வாயாலேயே சொல்ல வைப்பது என்று முடிவு கட்டினார்.

போனில் இரண்டு விமான நிலையங்களையும் போட்டுப் பார்த்தார். ஏழாயிரம் கிலோமீட்டர். ஒன்பதரை மணி நேரம். இவருக்கு இதுவே அதிகம். ஆனால் அவளுக்கு இது உறைக்காது. இரண்டையும் இரண்டால் பெருக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"பதினாலாயிரம் கிலோமீட்டராம்! பத்தொன்பது மணி நேரம்!"

வெங்காயம் நறுக்கிய கத்தி நின்றது. "பத்தொன்பதா?"

"உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய முடியாது."

"சாப்பாடு?"

"அவங்க கொண்டுவந்து நீட்டுறதுதான். பிடிக்குதோ இல்லையோ, தின்னாகணும்."

"பாத்திரமெல்லாம்?"

"அவங்களே எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"உங்க அக்கா போன் பண்ணுவாங்களே?"

"யாரும் கூப்பிட முடியாது. ஏன்னு கேட்க ஆள் கிடையாது!"

அவள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். பயந்துவிட்டாள் என்று இவருக்கு உச்சி குளிர்ந்தது. கடைக்குப் போய், சீட்டியடித்துக்கொண்டே மூன்று பூட்டுகளைத் திறந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சொன்னாள்: "டிக்கெட் எடுத்துட்டேங்க."

"உனக்குப் பயமா இல்ல?"

"இருந்துச்சே! ஒன்பதரை மணி நேரத்துல இறக்கி விட்டுடுவோம்னு டிக்கெட் போடுறவரு சொன்னதும் பக்குனு ஆயிடுச்சு. முப்பது வருஷத்துல எனக்கு உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வந்திருக்கா? 'எங்க வீட்டுக்காரரு பத்தொன்பதுன்னாரு, அதைத் தேடுங்க'ன்னு சொல்லிட்டேன். ரெண்டு ஊர்ல இறங்கி ஏறுற மாதிரி ஒண்ணு கிடைச்சுது."

மூன்று முறை மேலே ஏறி, மூன்று முறை கீழே இறங்குவது! பூட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இனி மறைத்துப் பயனில்லை.

"ஒரு தடவை ஏறவே எனக்கு உயிர் போயிடும். எனக்குப் பயம். நிஜமாவே பயம்!"

அவள் அவர் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியாதா? அதான் உங்களை மட்டும் தனியா ஒன்பதரை மணி நேர விமானத்துல போட்டிருக்கேன்."