மெட்டுப் போட்ட பேய்

எனக்குச் சங்கீதம் தெரியாது. இன்றைக்கு இதை ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது. இருபத்தேழு வயதில் இந்த உண்மையை என் வாயிலிருந்து வரவழைக்க ஒரு முழு கேன்டீனே இருட்டில் மூழ்க வேண்டியிருந்தது.

அப்போது நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். வேலை நிரந்தரமானதும் வீட்டில் பெண் பார்த்தார்கள். குன்றத்தூரில் மேகலா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. அவளுக்கும் என்னைப் பிடித்தது (எப்படி என்று இன்றுவரை விசாரிக்கவில்லை, எதற்கு வம்பு). பாக்கி இருந்தது அவள் அப்பா தட்சிணாமூர்த்தியின் பதில் மட்டும்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாராம். முதல் சந்திப்பில் நான் பேசிய பேச்சையும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்.

"அப்பாவுக்கு உங்க மேல ஒரே ஒரு டவுட்டுதான். ஆளு கொஞ்சம் ஓவரா அள்ளி வுடுறாருன்றாரு" என்று மேகலா போனில் சொன்னாள். பெரியவர்கள் அனுமதியோடு வாரம் இரண்டு முறை பேசுவோம்.

"நானா? எங்க கம்பெனில வந்து கேட்டுப் பாக்கச் சொல்லு. நான் இல்லன்னா லைனே ஓடாது."

"இதைத்தான் சொல்றாரு."

அந்த மாதம் கம்பெனியில் குடும்ப தினம் வந்தது. "புள்ள வேலை பாக்குற எடத்தைப் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று தட்சிணாமூர்த்தி சொல்லி அனுப்பினார். நான் குஷியாகிவிட்டேன். பரீட்சைக்குப் படிக்காதவன் வினாத்தாளை ஆசையோடு வாங்கிய கதை.

அதே சமயத்தில்தான் 'சலங்கை பங்களா' தொடரில் அந்தச் சிறப்புப் பகுதி வந்தது. வாரம் ஒரு முறை வரும் பேய்த் தொடர் அது. வழக்கமாகக் கதவு தானாகத் திறக்கும், யாராவது அலறுவார்கள், அடுத்த வாரம் மூடும். அந்த வாரம் மட்டும் பேய் ஒரு சாபம் போட்டது: பங்களாவில் இருக்கும் யாரும் பேச முடியாது, பாடத்தான் முடியும். ஒரு மணி நேரமும் பாட்டுதான். மாமியார் மருமகளைத் திட்டுவது பாட்டு, பால்காரர் பாத்திரம் கேட்பது பாட்டு. பேயை ஓட்ட வந்த மந்திரவாதியும் மந்திரத்தை மெட்டோடுதான் சொல்ல வேண்டியிருந்தது. பேய் ரசித்துத் தலையாட்டியது. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி உட்காரேன்" என்பதைக்கூட இழுத்து இழுத்துப் பாடினார்கள். டிரைவர் ஒருத்தர்தான் பேசினார், அதுவும் எங்களைத் திட்டி.

மேகலாவும் அவள் அம்மாவும் அந்தத் தொடருக்கு அடிமைகள். அது போதாதா எனக்கு? குடும்ப தினத்தில் அந்தப் பகுதியையே நாடகமாகப் போடுவது என்று முடிவெடுத்தேன். மேகலாவிடம் சொன்னேன்.

"முக்கிய வேஷம் எனக்குத்தான். பாட்டுக்கு மெட்டும் நானே போடறேன்."

"உங்களுக்கு மெட்டுப் போட வருமா?"

"ரத்தத்துலயே கீது."

முக்கிய வேஷம் என்று சொன்னேனே தவிர, என்ன வேஷம் என்று சொல்லவில்லை. கதையில் முக்கிய வேஷம் பேய். பேயோ பெண். நடிக்கப் பெண்கள் யாரும் முன்வராததால் வெள்ளைப் புடவையும் முழங்கால் வரை சவுரியும் எனக்கே வந்து சேர்ந்தன. மீசையை எடுக்க மறுத்துவிட்டேன் (தன்மானம்).

மெட்டு எப்படி வந்தது என்பது இன்னும் விசேஷம். ஒரு நாள் லைனில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது தானாக வந்தது. ஆறே ஸ்வரம். துள்ளலாக ஏறி, சட்டென்று இறங்கும். எங்கேயும் கேட்டிராத மாதிரியும் இருந்தது, ஜென்ம ஜென்மமாகக் கேட்ட மாதிரியும் இருந்தது. பெரிய இசையமைப்பாளர்களுக்கெல்லாம் இப்படித்தான் வருமாம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என்னோடு நடித்த நான்கு பேரும் கம்பெனியின் மறுகோடியில் இருந்த ஸ்டோர்ஸ் கட்டடத்து ஆட்கள். மூன்று வாரம் ஒத்திகை பார்த்தோம். "சூப்பர் மெட்டுப்பா" என்றார்கள். ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை.

குடும்ப தினத்தன்று கேன்டீன் ஹால் நிரம்பி வழிந்தது. பிற்பகல் மூன்று மணி, நல்ல வெயில் காலம். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டச் சொன்னதும் நான்தான், மேடைக்கடியில் புகை மெஷின் வைக்கச் சொன்னதும் நான்தான். வாடகைக்கு வந்த கீபோர்டுக்காரர் "இன்னா சவுண்டு வெச்சிக்கலாம் தலைவா?" என்று கேட்டார். ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, டிங் டிங் என்று மணி மாதிரி இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் மெட்டுக்கு அப்படியே பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்?

மூன்றாம் வரிசையில் மேகலா, அவள் அம்மா, தட்சிணாமூர்த்தி. "கதை, மெட்டு, இசை, முக்கிய வேடம்: குமரேசன்!" என்று அறிவித்தார்கள். சீட்டை எழுதிக் கொடுத்தவனும் குமரேசன்தான். திரை விலகியதும் நான் புகைக்கு நடுவில் எழுந்து நின்றேன். மேகலாவின் அம்மா நெஞ்சில் கை வைத்தார். தட்சிணாமூர்த்தி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் மீசையைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

நான் கையைத் தூக்கி வசனத்தைச் சொன்னேன்: "இந்த மெட்டைக் கேட்ட எவராலும் இனி உட்கார்ந்திருக்க முடியாது!"

கீபோர்டுக்காரர் மெட்டை வாசித்தார். ஹால் முழுக்கப் பெரிய ஸ்பீக்கர்களில் டிங் டிங் என்று அது பரவியது. உடனே ஐந்தாம் வரிசையில் எங்கள் டீம் லீடர் பக்தவச்சலம் அண்ணன் எழுந்தார். பட்டுச்சட்டை, கையில் பாயசக் கப். எழுந்த வேகத்தில் மேடையை நோக்கி ஓடி வந்தார். அவர் பின்னால் இன்னும் ஐந்து பேர், வெவ்வேறு வரிசைகளிலிருந்து. எல்லாரும் எங்கள் லைன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் லைனில் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். வேலையில் கோளாறு என்றால் அந்த ஸ்டேஷனில், அதாவது லைனில் அந்த இடத்தில், நிற்பவன் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் ஒரு மெட்டு ஒலிக்கும், லைனுக்கு லைன் வேறு மெட்டு. அது முடிவதற்குள் டீம் லீடர் ஓடி வந்து சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் லைன் நின்றுவிடும், மறுநாள் காலை மீட்டிங்கில் அவர் பெயர் வாசிக்கப்படும். வருடக்கணக்கில் அந்தச் சத்தத்துக்கு ஓடிப் பழகிய கால்கள் அவை. நானோ அதே மெட்டை ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டு, கேட்பதையே மறந்து, கடைசியில் என் சொந்தக் கற்பனை என்று நம்பியிருக்கிறேன்.

பக்தவச்சலம் அண்ணன் மேடையில் ஏறி என் தோளைப் பிடித்தார். "இன்னா பிராப்ளம்? எந்த ஸ்டேஷன்?"

பாத்திரத்தை விட்டு விலகக்கூடாது என்று ஒரு கலைஞனின் பிடிவாதம் எனக்கு. பாடினேன்: "ஒன்றும் இல்லை அண்ணா... கீழே இறங்கிப் போங்களேன்..."

ஜனங்கள் கை தட்டினார்கள். நாடகம் பிரமாதம் என்று விசில்கூட வந்தது. அதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பக்தவச்சலம் அண்ணனுக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது.

"டேய், இது நம்ம லைன் டோன்டா! இத்தையா நீ மெட்டுப் போட்டேன்னு சொல்லிக்கினு திரிஞ்சே?"

ஹாலில் எழுந்த சிரிப்பை வர்ணிக்க மாட்டேன். மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா குனியவில்லை, நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சந்தேகத்துக்கு ஸ்பீக்கரில் பதில் கிடைத்துவிட்டது. இந்தக் கல்யாணம் நடக்காது என்று எனக்குத் தெரிந்துபோனது.

அந்த நேரத்தில் மெயின்டனன்ஸ் ஏழுமலை அண்ணனும் மெட்டைக் கேட்டு வந்து சேர்ந்திருந்தார். அவர் கண்ணில் பட்டது மேடைக்கடியில் புகை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை ஒரு வரி விடாமல் செய்தார்: மெயின் சுவிட்சை அணைத்தார், தன் பூட்டை மாட்டினார், தன் போட்டோ ஒட்டிய அபாய அட்டையைத் தொங்கவிட்டார், சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். கடமை முடிந்தது, பஸ் நேரமும் ஆனது. கிளம்பிப் போய்விட்டார்.

ஹால் கும்மிருட்டு. மின்விசிறிகள் நின்றன. குழந்தைகள் அழுதன. பிள்ளைகளுக்காக வாங்கிய ஐஸ்கிரீம் ஃப்ரீசரில் பாயசமாகிக்கொண்டிருந்தது. பூட்டை வெட்டிவிடலாமே என்று யாரோ கேட்டார்கள். பூட்டியவரே வந்துதான் திறக்க வேண்டும் என்று விதி போட்டவர் பிளான்ட் ஹெட். அவர் முன்வரிசையில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். ஏழுமலை அண்ணன் போன் எப்போதும் போல ஸ்விட்ச் ஆஃப்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே ஓடினேன். ஏழுமலை அண்ணன் ஏறிய குன்றத்தூர் பஸ் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பார்க்கிங்கில் தட்சிணாமூர்த்தி ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு வண்டியை வாசலுக்கு எடுத்து வரத்தான் வந்திருந்தார். நான் யோசிக்கவில்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அதுவரை அவரை "சார்" என்றுதான் அழைத்து வந்தேன். "மாமா, அந்த பஸ்ஸைப் புடிங்க!"

என்ன தோன்றியதோ, அந்த மனுஷன் கியரைப் போட்டார்.

பட்டப்பகலில் ஒரகடம் ரோட்டில் சவுரி பறக்க, மீசை வைத்த ஒரு பேய் ஸ்கூட்டரில் போன காட்சியைப் பலர் பார்த்தார்கள். ஒரு லாரி டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுக் கும்பிட்டார்.

"தம்பி, அந்தப் பாட்டு நீ போட்டதா?" மாமா திரும்பாமலே கேட்டார்.

"இல்ல மாமா. லைன் போட்டது. என்னோடதுன்னு நெஜமாவே நெனச்சிக்கினேன்." அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. "நான் இல்லன்னா லைன் ஓடாதுன்னு சொன்னதும் பொய் மாமா. நான் லீவு போட்ட அன்னிக்கித்தான் நல்லா ஓடிச்சாம்."

அவர் வண்டியை இன்னும் முறுக்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மையும் கரைந்து வாய்க்குள் போனது.

"பொடவையை நல்லா இஸ்துச் சொருவு. வீல்ல மாட்டிக்கப் போவுது" என்றார்.

ஒரகடம் சிக்னலில் பஸ்ஸைப் பிடித்தோம். ஏழுமலை அண்ணன் ஜன்னலோரம் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்துப் போட்ட கூச்சலில் பஸ்ஸே எழுந்தது.

"நான்தாண்ணே, குமரேசன்! சாவியைக் குடு!"

"சாவி தர முடியாது. பூட்டுனவன்தான் தொறக்கணும். ரூலு."

ஆகவே அவரையும் ஏற்றிக்கொண்டோம். முன்னால் மாமா, நடுவில் பேய், பின்னால் ஏழுமலை அண்ணன். திருப்பத்தில் நின்றிருந்த டிராபிக் போலீஸ்காரர் கையை நீட்டினார். நடுவில் இருந்த என்னைப் பார்த்தார். நீட்டிய கையால் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

கேன்டீனுக்குத் திரும்பி ஏழுமலை அண்ணன் பூட்டைத் திறந்ததும் கரண்ட் வந்தது. மேகலா வாசலில் நின்றிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒதுங்கினேன். மாமா அவளைக் கிட்டே கூப்பிட்டார்.

"கண்ணு, கோளாறைப் புட்சிட்டேன். சரி பண்ணிக்கலாம். பாட்டு மட்டும் பாட வுடாத."

அவள் சிரித்தாள். எனக்கு அங்கேயே அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. புடவை தடுக்கும் என்று விழவில்லை.

கம்பெனி எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தது. அடுத்த மாதமே எங்கள் லைன் மெட்டையும் மாற்றினார்கள். பக்தவச்சலம் அண்ணன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை, கல்யாணத்தில் பந்தி முழுக்க அவர்தான் பரிமாறினார். தலைதீபாவளிக்கு மாமா தாம்பாளத்தை நீட்டினார். வேட்டி, சட்டை, அவற்றுக்கு மேல் மடிப்புக் கலையாத ஒரு புடவை. "மாப்ளைக்குத்தான்" என்றார். மாமியார் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் என் பெயரில் ஒரு புடவை வருகிறது. கட்டிக்கொள்வது மேகலா.

போன தீபாவளிக்கு ஜவுளி எடுக்க மாமா என்னையும் காஞ்சிபுரம் அழைத்துப் போனார். கடையில் இருந்தவர் புதியவர்.

"யாருக்கு சார் பொடவை?"

"இதோ, இவருக்கு" என்று மாமா என்னைக் காட்டினார்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். பிறகு அலமாரி பக்கம் திரும்பினார்.

"அண்ணன் கலருக்கு மாம்பழ மஞ்சள் எடுப்பா இருக்கும் சார்."