குச்சியும் கட்டையும்

“அண்ணி, நான் குச்சியை இறக்கின பிறகுதான் நீங்க கட்டையில கை வைக்கணும்.”

“நீ இறக்குற வரைக்கும் காத்திருந்தா எனக்கு தலை நரைச்சிடும்.”

மேடையிலிருந்த நாற்பது பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். வாத்தியக் குழுவை நடத்துகிறவன் முன்னாலிருந்த இசைத்தாள் தாங்கியைக் குச்சியால் டக் டக்கென்று தட்டினான். பியானோ வாசிப்பவளுக்கு அந்தத் தட்டலைத்தான் தாங்க முடியவில்லை. வாசலில் நின்றுகொண்டு யாரையோ அதட்டிக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

அவன் வேறு யாருமில்லை, அவளுடைய கணவனின் தம்பி. போன வருஷம் இந்த வேலைக்கு ஆள் தேடியபோது, “எங்க வீட்டுப் பிள்ளை, தங்கமானவன்” என்று கமிட்டியிடம் போய்ச் சொன்னதே அவள்தான். அந்தத் தங்கம் இப்போது நாற்பது பேர் முன்னால் அவளைப் பார்த்துக் குச்சியை ஆட்டியது.

மணி பத்து. மாலை ஆறுக்குக் கச்சேரி. பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீளமான இசை அது. தகராறு அதன் இரண்டாவதும் கடைசியுமான பாகத்தில்.

“இது காதல், அண்ணி. காதல் மெதுவாத்தான் போகும்.”

“காதல்னா நெஞ்சு படபடன்னு அடிக்கும். நீ போற வேகத்துல அது அடக்கமாகி அரை நாள் ஆச்சு.”

“நான் கண்டக்டர், அண்ணி. வேகத்தை நான்தான் முடிவு பண்ணணும்.”

“கண்டக்டர்னா டிக்கெட் கிழிச்சுக் குடு. வண்டியை நான் ஓட்டிக்கறேன்.”

இந்தமுறை பின்வரிசையில் யாரோ சிரித்தே விட்டார்கள். கொழுந்தனின் காது சிவந்தது.

இருவருக்கும் உள்ளுக்குள் இருந்தது பயம். அந்த இசையை எழுதிய அம்மாள் இன்று முன்வரிசையில் உட்காரப் போகிறார். எண்பது வயது. வாசிப்பு பிடிக்காமல் ஒருமுறை பாதியிலேயே மேடையேறி, பியானோவின் மூடியைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனவர். புதிதாக ஒன்று எழுதி முடித்திருக்கிறார். அதை இந்தக் குழுவுக்குக் கொடுத்தால் கொழுந்தனுக்கு வேலை நிலைக்கும். கொடுக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது கமிட்டி. சிபாரிசு செய்தவளை அடுத்த வருஷம் மேடைக்குக் கூப்பிடுவார்களா என்பதும் சந்தேகம்தான்.

இரண்டு பேருக்கும் நடுவில் பெரிய வயலின் போன்ற செல்லோவைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் அவள் கணவர். வீட்டிலும் அவருக்கு அதே இடம்தான்.

“ஒருத்தரை ஒருத்தர் பாத்து வாசிச்சா சரியாப் போயிடும்,” என்றார் மெதுவாக.

பார்த்தார்கள். நாலு வரிகூடத் தாண்டவில்லை, கொழுந்தன் வாசிப்பை நிறுத்தினான்.

“அண்ணா, அண்ணி முறைக்கறாங்க. எனக்குத் தாளம் தப்புது.”

“என் மூஞ்சியே அப்படித்தான். பிடிக்கலைன்னா பாக்காதே.”

கணவர் இரண்டு பேரைக் கூட்டிவந்து பியானோவைத் திருப்பிப் போடச் சொன்னார். முகம் பார்க்கும் தொல்லை தீர்ந்தது. ஆனால் அவளுக்குக் குச்சியும் தெரியாமல் போனது. அவள் பாட்டுக்கு ஓடினாள், அவன் பாட்டுக்கு நடந்தான்.

“சரி, என் தலையைப் பாரு,” என்றார் கணவர். “தம்பி குச்சியை இறக்கும்போது நான் தலையாட்டறேன்.”

தலையாட்டினார். தம்பியின் வேகத்துக்கு ஆட்டினால் மனைவிக்குக் கோபம் வரும். மனைவியின் வேகத்துக்கு ஆட்டினால் தம்பிக்கு. மனிதர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் பிடித்து ஆட்டினார். இதுவரை இரண்டு வேகம் இருந்த மேடையில் மூன்றாகிவிட்டது.

“நீங்க எந்தப் பக்கம்? இப்பவே சொல்லிடுங்க!” என்று அவள் மூடியைப் படாரென்று சாத்திவிட்டு எழுந்தாள்.

“அந்த மூடியைச் சாத்தறதுக்குத்தான் முன்வரிசையில ஆள் வருது. நீங்க எதுக்கு முந்திக்கறீங்க?” என்றான் கொழுந்தன்.

அவள் விறுவிறுவென்று மேடையிலிருந்து இறங்கினாள். உடைமாற்றும் அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அறைக்குள் கண்ணாடியைப் பார்த்து, நாற்பது பேர் முன்னால் சொல்ல முடியாத வார்த்தைகளை எல்லாம் சொன்னாள். போன வருஷம் கமிட்டி முன்னால் திறந்த வாயை நொந்துகொண்டாள்.

நாலு மணிக்குக் கணவர் கதவைத் தட்டினார்.

“தம்பி மன்னிப்புக் கேட்டான்மா. நீ சொல்ற வேகமே சரியாம். உன் பின்னாடியே வந்துடறானாம்.”

“நிஜமாவா?”

“அழுதுட்டான்.”

அவளுக்கு மனம் இளகிவிட்டது. “பாவம், சின்னப் பையன்,” என்றாள். சின்னப் பையனுக்கு நாற்பத்திரண்டு வயது.

அங்கிருந்து கணவர் நேரே தம்பியின் அறைக்குப் போனார். “அண்ணி மன்னிப்புக் கேட்டாடா. நீ குச்சியை எப்படி ஆட்டறியோ அப்படியே வாசிக்கறாளாம்,” என்றார். இரண்டு பொய்களும் நன்றாக விலைபோனதில் அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. பியானோவைப் பழைய இடத்துக்கே திருப்பிப் போடச் சொன்னார்.

ஆறு மணிக்கு அரங்கு நிரம்பியிருந்தது. முன்வரிசையில் கைத்தடியை மடியில் வைத்தபடி அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். அண்ணி கொழுந்தனைப் பார்த்துப் பெருந்தன்மையோடு சிரித்தாள். கொழுந்தனும் அதைவிடப் பெருந்தன்மையோடு தலைகுனிந்தான். முதல் பாகம் தேனாக ஓடியது.

இரண்டாம் பாகம் வந்தது. குச்சி மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது.

அவளுக்குத் திக்கென்றது. ‘அழுதவன் செய்யற வேலையா இது?’ சட்டென்று வேகம் கூட்டினாள். அவனுக்கும் திக்கென்றது. ‘மன்னிப்புக் கேட்டுட்டு முதுகுல குத்தறாங்களே!’ இன்னும் மெதுவாக்கினான். இருவரும் ஒரே நேரத்தில் கணவரைப் பார்த்தார்கள். அவர் செல்லோவுக்குப் பின்னால் முடிந்தவரை ஒளிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது கச்சேரி இல்லை. வயலின்கள் அவன் பக்கம் நின்றன. புல்லாங்குழல்களும் பெரிய முரசும் அவள் பக்கம் சாய்ந்தன. பியானோ தனியாக வாசிக்கும் இடம் வந்தபோது, முடிக்க வேண்டிய இடத்தில் அவள் முடிக்கவில்லை. போன வருஷம் சிபாரிசு செய்த கோபத்தையும் சேர்த்து வாசித்தாள். விரல்கள் எரிந்தன, நிறுத்தவில்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். பொறுமை போனதும் இரண்டு கைகளையும் தூக்கி மொத்தக் குழுவையும் அவள் தலைமேல் இறக்கினான். அவள் அதற்கும் மேல் அடித்தாள். கடைசி ஒலியைப் பியானோ கொடுத்தது. விடுவானா? குழுவை மறுபடி ஒருமுறை முழங்க வைத்தான். அரங்கம் அடங்கியதும் அவள் ஒரே ஒரு கட்டையை, கடைசிக் கட்டையை, ஒற்றை விரலால் ‘டங்’ என்று அழுத்திவிட்டு எழுந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசை அம்மாள் கைத்தடியை ஊன்றி எழுந்து மேடையின் பக்கவாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

மேடைக்குப் பின்னால் அண்ணியும் கொழுந்தனும் மாறி மாறிக் கத்தினார்கள்.

“அழுதியாமே, எங்கே கண்ணீர்?”

“நானா அழுதேன்? நீங்கதானே மன்னிப்புக் கேட்டீங்க!”

“நானா? உன்கிட்டயா?”

இருவரும் கணவரைப் பிடிக்கத் திரும்பினார்கள். அவர் செல்லோவையும் விட்டுவிட்டு ஓடியிருந்தார். அதற்குள் கைத்தடிச் சத்தம் நெருங்கியது. அந்த அம்மாள் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

“அம்மா, தப்பெல்லாம் இவன்மேல…” என்று அவள் ஆரம்பித்தாள்.

“இல்லம்மா, அண்ணிதான்…” என்றான் அவன்.

அம்மாள் கைத்தடியைத் தூக்கி இருவர் வாயையும் அடைத்தார். பிறகு அதைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு கையால் அவள் கையையும் மறுகையால் அவன் கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக்கூட மறந்து சொன்னார்:

“இதைக் காதல்னு நினைச்சு ஒவ்வொருத்தரும் ஒத்துமையா வாசிச்சு வாசிச்சே நாசமாக்கினாங்க, முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் எங்க வீட்டுக்காரரும் நானும் போட்ட சண்டை சண்டையாவே கேட்டுச்சு!”