என் கண்ணுக்கு ஒரு வாக்கெடுப்பு

நாட்டின் மருத்துவக் கொள்கையை மந்திரிகளும் டாக்டர்களும் முடிவு செய்யக் கூடாது. மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். காந்திபுரம் டீக்கடையில் ரொம்ப நாளாக இதைச் சொல்கிறேன். எதிர்த்தவன் எவனும் இல்லை. வீட்டில் சொன்னதுதான் தப்பு.

"ஏனுங்க, அப்ப உங்க கண்ணு ஆபரேஷனையும் ஓட்டுக்கு உட்டறலாங்களா?" என்றாள் மனைவி மாரியாத்தாள்.

கண்ணில் புரை என்கிறார் டாக்டர். எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. பக்கத்து வீட்டு பெனடிக்டின் கேட்டில் ஸ்கூட்டர் மோதியது கேட்டின் தவறு. கண்ணுக்குள் கத்தி வைக்க விடமாட்டேன்.

கணக்குப் போட்டேன். மகன் கிருபாசங்கர் ஊசியைக் கண்டாலே மயங்குகிறவன். என் பக்கம். மாமியார் கிழக்கே போனால் மருமகள் நவ்யா மேற்கே போவாள். அவளும் என் பக்கம். ஜெயித்தாயிற்று.

"உடலாம். ஆனா ரகசிய ஓட்டு."

"செரிங்க. காயிதமெல்லாம் எதுக்கு? சமையக்கட்டுல ரெண்டு கிண்ணம் வெக்கறேன். ஆபரேஷன் வேணும்னா எடதுபக்கம் தொவரம்பருப்பு. வேண்டாம்னா வலதுபக்கம் கடலப்பருப்பு. ஆளுக்கு ஒண்ணு எடுத்து சொம்புல போடுங்க. எண்ணி முடிச்சா கொழம்புக்கு ஆச்சு. பாத்துப் போடுங்க, மாத்திப்போடாதீங்க."

"பருப்புத் தெரியாதவனா நானு?"

முதல் ஓட்டு நான். வலதுபக்கக் கிண்ணம். ஒன்றை எடுத்துத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. போதும். போட்டுவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மகன் உள்ளே போனான். சிரிப்புச் சத்தம். மருமகள் போனாள். வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்றா சிரிப்பு? எலக்சன்னா ஒரு மருவாதி வேண்டாமா?"

"ஒண்ணுமில்லீங்கப்பா," என்றான் மகன்.

மாரியாத்தாளும் போட்டுவிட்டு வந்தாள். எண்ணுவதற்கு பெனடிக்டைக் கூப்பிட்டேன். நியாயமான ஆள். சொம்பைத் தட்டில் கவிழ்த்தார்.

"நாலும் தொவரம்பருப்புங்க."

"கள்ள ஓட்டு. நான் வலதுபக்கம் கடலப்பருப்பத்தான் எடுத்தேன்."

"ரெண்டு கிண்ணத்துலயுமே தொவரம்பருப்புதானுங்க வெச்சேன்," என்றாள் மாரியாத்தாள், குரலே உயராமல். "இதென்ன புள்ள ஏமாத்துன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா, கண்ணு நல்லா இருக்குது, ஆபரேஷனே வேண்டாம்னு நானே சொல்லியிருப்பனுங்க."

மக்கள் தீர்ப்பாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.